பார்ப்பவர் ஒருவர்

“ஃபேன ஆஃப் பண்ணும்மா! சீக்கிரம்!”

நவநீதன் போட்ட சத்தத்தில் மகாலட்சுமி கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். மகன் கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து செல்போனைப் பொத்திக்கொண்டிருந்தான். திரையில் ஓர் அகல்விளக்கு. சுடர் படபடவென்று ஆடியது.

“என்னடா இது, போன்ல விளக்கு?”

“காலேஜ் வேலைம்மா. இன்டர்நெட் ஓவியம். மைக் வழியா காத்தக் கேக்குது. பலமா ஊதினா அணைஞ்சுடும்.”

ஃபேன் நின்றது. சுடர் நிமிர்ந்தது. நவநீதன் மட்டும் போனைப் பொத்திய கையை எடுக்கவில்லை.

விஷயம் இதுதான். விஸ்காம் இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு விஜயராணி மேடம் ஒரு வலைத்தள முகவரி கொடுத்திருந்தார். அதிலிருக்கும் கலைப்படைப்பைப் பார்த்து, மனதில் என்ன தோன்றியது என்று எழுதி, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் நேரில் வந்து கொடுக்க வேண்டும். இருபத்தைந்து மார்க். நாலு ஒன்றுக்குக் கொடுத்தால் முட்டை. போன செமஸ்டரில் அந்த முட்டையை வாங்கியவன் நவநீதன். அப்படியும் புத்தி வந்ததா? வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குத்தான் ஐயா பக்கத்தைத் திறந்தார்.

விளக்குக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது: ‘பதினோரு வருடங்களாக யாராவது இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். யாரும் பார்க்காவிட்டால் அணைந்துவிடும். மறுபடி ஏற்ற முடியாது. இப்போது பார்ப்பவர்: ஒருவர்.’

அந்த ஒருவர் யார்? ஸ்ரீரங்கம் மேல அடையவளஞ்சான் தெரு நவநீதன்.

நண்பன் ஸ்டீபன்ராஜைப் பார்க்கச் சொல்லலாமென்று வாட்ஸப்புக்குப் போய்த் திரும்புவதற்குள் சுடர் கடுகளவாகிவிட்டது. அம்மாவின் பட்டன் போனிலிருந்து கூப்பிட்டால் ஸ்விட்ச்டு ஆஃப். இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டான். அவர்களும் அப்படியே.

“படுபாவிங்க! மூடித் தொலைச்சுட்டு எழுத வேண்டியதுதான்.”

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா விளக்க அணைப்பியா நீ?” மகாலட்சுமிக்குக் கோபம் வந்துவிட்டது. “எண்ணெய் இருக்கா பாரு.”

“கம்ப்யூட்டர் விளக்கும்மா!”

“இருந்தா என்ன? விளக்கு விளக்குதான்.”

“அப்ப நீ பாத்துக்க. நான் போய்க் குடுத்துட்டு வந்துடறேன்.”

அவள் போனை வாங்கிய அதே நேரம், அடுப்பில் விட்டுவந்த வரமிளகாய் கருகி நெடி கூடத்துக்கு வந்தது. மகாலட்சுமிக்கு மூக்கு விடைத்தது.

“தும்மாத! அம்மா, தும்மாத!”

தும்மினாள். சுடர் படுத்தேவிட்டது. அவன் போனைப் பிடுங்கி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் உள்ளங்கையால் மறைப்புக் கொடுத்தான். எட்டு விநாடி கழித்துத்தான் அது மெல்ல எழுந்தது. அம்மாவை நம்பி விட்டுவிட்டுப் போக முடியாது. கூடவே கொண்டுபோய் மேடத்தின் கம்ப்யூட்டரில் இதைத் திறக்கச் சொன்னால், பார்ப்பவர் இருவர் ஆகிவிடுவார்கள். அப்புறம் இவன் மூடிக்கொள்ளலாம்.

கிளம்பும்போது, டேட்டா தீரப்போகிறது என்று செய்தி வந்தது. கையிலிருந்த ஒரே வழி அம்மாவின் ஃபோர்ஜி பட்டன் போன். அதில் இந்தப் பக்கம் திறக்காது. ஆனால் ஹாட்ஸ்பாட் தரும்.

“அந்தப் போன எடுத்துட்டுப் போறேம்மா.”

“உன் மாமா துபாய்லேருந்து கூப்பிடுவான். போன் போனா நானும் வருவேன்.”

ஆக, அம்மாவும் ஏறினாள் பஸ்ஸில். இடக்கையில் போனும் வலக்கையில் பேனாவுமாக அவன் எழுதிய கட்டுரை இவ்வளவுதான்: ‘எனக்குப் பயமாக இருக்கிறது. இதற்கு மேல் எழுத நேரமில்லை.’

காவிரிப் பாலத்தில் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது.

“ஜன்னல மூடுங்க! விளக்கு அணைஞ்சுடும்!”

பஸ் மொத்தமும் அவனைத் திரும்பிப் பார்த்தது. முன்சீட்டில் வாழையிலைக் கட்டோடு இருந்த ரோசம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“ஐயோ பாவம், துடிக்குதே!” ஓர் இலையை உருவி வளைத்துச் சுடருக்கு மறைப்புக் கட்டினாள். “பத்திரமாப் புடி ராசா.”

அடுத்த நிறுத்தம். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

“அண்ணே, ஊதாதீங்க!”

“ஊதாம எப்படிப்பா வண்டிய நிறுத்துறது?”

“தகரத்தத் தட்டேன்யா,” என்றாள் ரோசம்மாள். “பதினோரு வருசமா எரியுதாம். நீ ஊதித்தான் அணையணுமா?”

கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே தகரத்தைத் தட்டினார். டிரைவருக்கு அது காதில் விழவில்லை. இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் வண்டி நின்றது. அங்கே இறங்க வேண்டியவர்கள் எல்லோரும் நவநீதனின் வம்சத்தையே வாழ்த்தினார்கள்.

கல்லூரி வாசலை அடையும்போது மணி மூன்று ஐம்பத்திரண்டு. சார்ஜ் ஆறு சதவீதம். ஓடினால் காற்று படும். ஊர்வலத்தில் போவதுபோல அடிமேல் அடி வைத்து நடந்தான். மகாலட்சுமி முந்தானையை விரித்துப் பிடித்தபடி அவனுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தாள். “வழி விடுங்கப்பா, வழி விடுங்க.”

மூன்று ஐம்பத்தெட்டு. நான்கு சதவீதம். பதினோரு வருடம் யார் யாரோ கண்விழித்துக் காத்த விளக்கு, தன் கையில் வந்துதானா சாக வேண்டும்? அவனுக்கு அழுகை முட்டியது. மார்க்கைக்கூட மறந்துவிட்டான். துறை அறைக் கதவின் கைப்பிடியை எட்டிப் பிடித்தான்.

அலுவலக உதவியாளர் ஆசீர் பாய்ந்து வந்து அவன் கையைத் தட்டிவிட்டார்.

“தொறக்காதீங்க தம்பி, காத்து உள்ள போயிடும்! பேப்பர் திருத்தறதுக்கு முன்னால ஒருதரம் பாத்துடுவோம்னு காலைல திறந்தவங்கதான் மேடம். ஃபேன்கூடப் போடாம இன்னும் உக்காந்திருக்காங்க. உலகத்துலயே அந்த விளக்க அவங்க ஒருத்தங்கதான் பாத்துட்டிருக்காங்களாம்!”