கூறு நைனாவின் கை

தராசுக்கே புத்தி சொன்ன மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் கூறு நைனா.

எண்பதுகளின் கடைசியில் அயனம்பாக்கத்தில் எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடுகள். நைனாவுக்கு அம்பத்தூரில் லேத் பட்டறை வேலை. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். மாதம் ஒரு ஞாயிறு டவுனுக்குப் போய், பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்கி வருவார். பொட்டலம் கட்டி வாங்குகிறவர்களைக் கண்டால், ஜுரம் வந்தவர்களைப் பார்ப்பது போலப் பரிதாபமாகப் பார்ப்பார்.

கைபம்புக்குப் பக்கத்தில் தார்ப்பாய் விரித்து, பருப்பைக் கொட்டி, வெறும் கையால் பன்னிரண்டு கூறு போடுவார். பிறகு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். யாராவது ஒரு கூறின் மேல் விரல் வைத்து, "இது யார் ஊட்டுக்கு?" என்று கேட்க வேண்டும். நைனா திரும்பாமலே, "டைலர் ஊட்டுக்கு!" என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒருவர் சந்தேகப்பட்டு, மளிகைக்கடைத் தராசையே தூக்கிவந்துவிட்டார். நைனா அதை ஒரு பார்வை பார்த்தார். "எட்த கை பக்கம் சாயுது மச்சான். மொதல்ல அத்த சரி பண்ணு." வெறும் தட்டோடு தூக்கிப் பார்த்தால், சாய்ந்துதான் இருந்தது! கடைக்காரர் ஒரு வாரம் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை.

ஒரு தீபாவளிக்குச் சட்டைத் துணியையும் மொத்தமாக வாங்கினார். பச்சைக் கட்டம். ஆண்கள், பிள்ளைகள், மிச்சத்தில் தலையணை உறை எல்லாமே பச்சைக் கட்டம். "இன்னா கம்பெனி யூனிபாரம் இது?" என்று பஸ் கண்டக்டர் கேட்டார். லைன்மேன் மனைவி, பின்னாலிருந்து பார்த்து, வேறு யார் வீட்டுக்காரரையோ பத்து நிமிஷம் திட்டித் தீர்த்தாள். அந்த மனுஷனும் பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் திருமழிசையில் நான் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். மானத்தை விட்டு நைனாவிடம் போனேன்.

"இந்த மாசம் நான் வர்ல நைனா. பதினொண்ணாவே பிரிச்சுடு."

"இன்னாடா பேசறே? என் கை பன்னெண்டுக்குப் பழகிக் கீது. இந்த வயசுல பதினொண்ணு கத்துக்கச் சொல்றியா? நீ வந்து விரல் வையி. அதுக்குக் கூலி ஒரு கூறு."

ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினோரு கூறு அச்சாக ஒரே அளவு. ஒன்று மட்டும் ஒன்றரை மடங்கு! நைனா கை தப்புவதாவது! அவரோ ஒன்றும் தெரியாதவர் போல முதுகைக் காட்டி நின்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கூலிக்கு வந்தவன் பெரிய கூறில் விரல் வைத்து, தப்பித் தவறி அது என் வீட்டுக்கே விழுந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? சின்னதாகவே பார்த்துப் பார்த்து விரல் வைத்தேன். லைன்மேன் ஊடு, டைலர் ஊடு என்று நைனா சொல்லிக்கொண்டே வந்தார். பதினோராவதுக்கு, "என் ஊட்டுக்கு!" என்றார்.

பெரிய கூறு அப்படியே நின்றது. பெயர் சொல்லாத வீடும் ஒன்றுதான் பாக்கி. அது என் வீடு.

நைனா திரும்பிப் பார்த்து, "அட, கை தப்பிப் போச்சே! வயசாய்ட்ச்சுல்ல?" என்றார். மற்ற பத்து வீட்டுக்காரர்களும், வயசாகிவிட்டது என்று ஒரே குரலில் ஒத்துக்கொண்டார்கள். டைலர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பருப்பை அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போய் அழுதேன்.

எனக்கு வேறு வேலை கிடைத்த மாதத்தில் பன்னிரண்டு கூறும் பழையபடி ஒரே அளவுக்கு வந்துவிட்டன.

என் விரல் அந்தப் பெரிய கூறுப் பக்கம் போகாது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? என்னைப் பெற்றவர்களுக்குக்கூட என்னை அவ்வளவு தெரியாது.