இந்த வருஷம் அயோவாவுக்குப் போகமாட்டேன்

கட்டண எதிர்ப்பு வீரர் என்றொரு இனம் உண்டு. விலை ஏறியதும் முதல் ஆளாகக் கொதிப்பவர் இவர்தான்; கெடு முடிகிற நாளில் கடைசி ஆளாக ஓடிவந்து பணம் கட்டுகிறவரும் இவர்தான். நடுவே உள்ள ஒரு மாதம் சுற்றியிருப்பவர்களுக்குச் சோதனைக்காலம். எல்லா ஊரிலும் இவர் உண்டு. ஆனால் நன்றாகக் கொழுத்து வளர்ந்த உருப்படியைப் பார்க்க ஆசைப்பட்டால், விஸ்கான்சினில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் பெவ் நடத்தும் காப்பிக் கடைக்கு மே மாதத்தில் ஒரு காலை வரவேண்டும். ஜன்னலோர மேசை. ஆரஞ்சுத் தொப்பி. ஆர்லின் ஹால்வர்சன்.

காட்டில் மற்ற வேட்டைக்காரர்கள் தம்மை மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாதே என்று போடுகிற தொப்பி அது. ஆர்லின் அதைப் பன்னிரண்டு மாதமும் கழற்றுவதில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அயோவா மாநிலம். அங்கே அவர் மனைவி மார்லிஸின் அண்ணன் டெல்பர்ட்டுக்கு நாற்பது ஏக்கர் காடு. இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு டிசம்பரும் மச்சானும் மாப்பிள்ளையும் அங்கே ஒரே ஓக் மரத்தடியில் உட்கார்ந்து மான் வேட்டை ஆடுகிறார்கள். டெல்பர்ட் உள்ளூர்க்காரர், சில்லறைக் காசில் வேட்டைச் சீட்டு வாங்கிவிடுவார். ஆர்லின் வெளி மாநிலத்தவர். அவருக்குக் கட்டணம் பல மடங்கு. அதைக் கட்டிவிட்டுக் குலுக்கலில் பெயர் விழுமா என்று வேறு காத்திருக்க வேண்டும். அந்தக் கட்டணமோ வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகிறது.

ஏறியதும் என்ன செய்வார்? முதலில் மேசையைத் தட்டுவார். பிறகு கை துடைக்கும் காகிதத்தை எடுத்து, சீட்டு, பெட்ரோல், தோட்டா, வழியில் தின்ற ருபார்ப் பை என்கிற இனிப்புப் பண்டம் உட்பட எல்லாவற்றையும் கூட்டி, போன வருஷம் கிடைத்த கறியால் வகுத்து, விடையை எதிரே இருப்பவர் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

"ஒரு பவுண்டு மான்கறி முப்பத்தெட்டு டாலர்! இந்தக் காசுக்கு ஒரு கன்னுக்குட்டிய வாங்கி மடியில வச்சுக் கொஞ்சலாம்! சரி, அந்த மான் கோடை முழுக்க எங்க மேயுது? நம்ம பக்கத்துச் சோளத்துல. தின்னுட்டு ஆத்த நீந்தி அந்தப் பக்கம் போகுதே, அதுகிட்ட எவனாவது சீட்டு கேட்டானா?"

"அது குலுக்கலுக்கு எழுதிப் போட்டிருக்கும்," என்பார் பெவ், காப்பியை ஊற்றிக்கொண்டே.

அடுத்து சபதம். "இந்த வருஷம் அயோவாவுல கால வச்சேன்னா, என் பேர மாத்திக் கூப்பிடு!" பெவ் உடனே ஒரு பெயர் வைத்துவிடுவார். போன வருஷம் ரோசாலி. அதற்கு முந்தின வருஷம் இளவரசி மார்கரெட். ஜூன் மாதம் முதல் ஞாயிறு, கெடு நாள், ஆர்லின் பணம் கட்டிவிடுவார். அதன்பிறகு அடுத்த மே வரைக்கும் அந்தக் கடையில் அவருக்கு அந்தப் பெயர்தான்.

இவர் இவ்வளவுதான் என்றால் பாவம் என்று விட்டுவிடலாம். இவருடைய ஏப்ரல் மாதத்தையும் பார்க்க வேண்டும். ஆர்லினின் ஊருக்கும் வேட்டைக்காரர்கள் வெளியிலிருந்து வருகிறார்கள். தெற்கே இல்லினாய் மாநிலத்திலிருந்து, பெரிய வண்டிகளில், விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத புது உடுப்பில். வட்டார வேட்டைக்காரர் கூட்டம் ஏப்ரலில் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில் நடக்கும். கை தூக்கித்தான் ஓட்டு. போன வருஷம் வெளி மாநிலத்தவருக்குக் கட்டணத்தை உயர்த்தக் கோரி ஒரு தீர்மானம் வந்தது. ஆர்லின் எழுந்தார்.

"நம்ம காடு. நம்ம மான். வேணும்னா காசக் கொடுத்துட்டு வரட்டும். கட்டுப்படியாகலையா, வீட்டுல உக்காந்து கோழி தின்னட்டும்!"

கைதட்டல். ஓட்டெடுப்பில் அவர் இரண்டு கையையும் தூக்கினார். ஒரு கை போதும் என்று தலைவர் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த மே மாதம் அயோவா கட்டணம் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு ஏறியது. ஆர்லின் காகிதத்தில் வகுக்கக்கூட இல்லை. மேசையைத் தட்டவில்லை. மெதுவாக, "இந்தத் தடவ நிஜம்," என்றார். பெவ்கூட அந்த வருஷத்துப் பெயரை மெதுவாகத்தான் சொன்னார். கெடுவுக்கு முந்தின நாள் டெல்பர்ட் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மாப்ளே, சீட்டுக்கு எழுதிப் போட்டியா?"

"போடல. போடவும் மாட்டேன். இது காசு விஷயமில்ல மச்சான். கொள்கை."

"ஜனவரியில எனக்கு ரெண்டு முட்டியும் மாத்தறாங்க. அதுக்கப்புறம் காடு மேடெல்லாம் ஏறக்கூடாதாம். இந்த டிசம்பர்தான் கடைசி. நீ இல்லாம அந்த மரத்தடியில நான் யார்கூட உக்காருவேன், சொல்லு?"

ஆர்லினுக்குக் கொள்கை ஒரு பக்கம், மச்சானின் முட்டி ஒரு பக்கம். உண்மையில் அவருக்கு அழுகை வந்தது. ஆனால் இந்த இனத்துக்கு அழத் தெரியாது, கத்தத்தான் தெரியும்.

"உங்க ஊர் ஆளுங்களுக்கு என்னய்யா கேடு? ஏன் இப்படி ஏத்தறாங்க?"

"அதையா கேக்கற? எங்க கூட்டத்துல ஒருத்தன் உங்க ஊர்ப் பேப்பரத் தூக்கிக் காட்டினான். 'அவங்க ஏத்தச் சொல்றாங்க, நாம மட்டும் இளிச்சவாயங்களா?'ன்னான். மொத பக்கத்துல போட்டோ. ஒருத்தன், ஆரஞ்சுத் தொப்பி, ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு நிக்கறான். யாரோ துப்பாக்கியக் காட்டி மிரட்டின மாதிரி."

ஆர்லின் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார்.

"நீ என்ன பண்ணின, மச்சான்?"

"நானுந்தான் கை தூக்கினேன்."

"எதுக்குய்யா?"

"எல்லாரும் தூக்கினாங்க. வெளியூர்க்காரங்களுக்குன்னுதானே சொன்னாங்க? நீ வெளியூர்க்காரன்னு எனக்குத் தோணவே இல்லையே!"

மறுநாள் ஞாயிறு. ஆர்லின் சமையலறைக்குள் வந்தபோது மார்லிஸ் கணினியைத் திறந்து, வங்கி அட்டையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "பேர் என்னன்னு போடட்டும்? நிஜப் பேரா, பெவ் வச்ச பேரா?"

மார்லிஸ் அட்டை எண்ணைத் தட்டும்போது ஆர்லின் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம் நான்கு ஞாயிறு, பகல்கொள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர், அந்தக் கொள்ளையில் தம் பெயர் விழவேண்டும் என்று தேவாலயத்தில் கண்ணை இறுக மூடி வேண்டிக்கொண்டார். விழுந்தது.

டிசம்பரில் இருவரும் அந்த மரத்தடிக்குப் போய்ச் சேரவே ஒரு மணிநேரமானது. டெல்பர்ட்டின் முட்டி அப்படி. ஒரு மான் வந்தது. ஓக் கொட்டைகளை நிதானமாகத் தின்றது. மச்சான் சுடட்டும் என்று இவர் இருந்தார், மாப்பிள்ளை சுடட்டும் என்று அவர் இருந்தார். மான் தின்று முடித்துவிட்டுப் போய்விட்டது.

"பவுண்டு எவ்வளவு ஆச்சு, டாரதி?" என்று ஊர் திரும்பியவரிடம் கேட்டார் பெவ். இந்த வருஷத்துப் பெயர் டாரதி.

"கணக்கு வரல," என்றார் ஆர்லின். அவ்வளவுதான் சொன்னார்.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? அடுத்த ஏப்ரலிலும் கூட்டம் நடந்தது. மறுபடி அதே தீர்மானம். ஆர்லின் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். பொறுக்க முடியாமல் எழுந்து, "அயோவாக்காரங்கள மட்டும் விட்டுடலாமே! என் மச்சான் அங்கதான் இருக்கார்!" என்றார். பின்வரிசையில் ஒருவர், "அப்ப மின்னசோட்டாவையும் விட்டுடுங்க, என் தம்பி இருக்கான்." இன்னொருவர், "இல்லினாய்ல என் மருமகன் இருக்காரே!" அரை மணிநேரத்தில் கழிக்க வேண்டிய மாநிலத்தையெல்லாம் கழித்து முடித்தார்கள். வெளியூர்க்காரன் என்று நாட்டில் ஒருவன்கூட மிஞ்சவில்லை. தலைவருக்குத் தலை சுற்றியது. எந்த விலக்கும் கிடையாது, தீர்மானத்துக்கு மட்டும் ஓட்டு என்றார். அரங்கம் முழுக்கக் கைகள் எழுந்தன. ஆர்லின் சுற்றுமுற்றும் பார்த்தார். இந்தத் தடவை ஒரே ஒரு கையைத்தான் தூக்கினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரிக்கத்தானே எழுதுவது. ஆனால் போன மாதம் உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தில், வெளியாட்கள் வண்டியை உள்ளே நிறுத்தினால் நாளைக்கு இருநூறு ரூபாய் என்று ஒரு தீர்மானம் வந்ததாமே? முதல் கை உங்களுடையது என்று கேள்வி. ஞாயிற்றுக்கிழமை உங்கள் மச்சான் குடும்பத்தோடு காரில் வருகிறாராம். சொல்லிவிட்டீர்களா?