பரமலிங்கத்தின்ரை பதினாலு நாள்

ஆர் சொன்னது அப்பிடி ஒருத்தரும் பொய் சொல்லமாட்டினம் எண்டு? நீ அப்ப கொழும்பிலை அறைக்குள்ளை இருந்து பாண் திண்டனி கீர்த்திகா, உனக்கு இணுவில் புதினம் என்ன தெரியும். கொறொனா வந்தவையள் அதை ஒளிச்சவையள்தான், அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை. இருமல் வந்தால் தலாணிக்குள்ளை முகத்தைப் புதைச்சு இருமின சனம். ஆனால் வராத கொறொனாவை வந்திட்டுது எண்டு சொல்லிப் போய்ப் படுத்த மனிசன் ஒருத்தன் எங்கடை தெருவிலை, இந்த ஒழுங்கையிலை இருக்கிறான். பரமலிங்கம்தான். வேறை ஆர்.

கூட்டுறவுச் சங்கக்கடையிலை மனேச்சரா இருந்து இளைப்பாறினவன். வேலைக்குச் சேர்ந்த நாள் தொட்டு ஒரே கதிரை. அவன் இளைப்பாறேக்கை கதிரையையும் இளைப்பாற விட்டவை, அப்பிடி ஒரு பள்ளம் அதிலை. வீட்டுக்குப் பின்னாலை கிடக்கிற வெங்காயத் தோட்டம் மனிசி பத்மாசினியின்ரை சீதனக் காணி. கலியாணம் முடிச்ச நாளிலை இருந்து அவனுக்கு ஒரு கொள்கை: காணி பொஞ்சாதியின்ரை, அதிலை விளையிறது குடும்பத்தின்ரை, அதாலை வாற இடுப்பு, நாரி உழைவு கூலிக்கு வாறவையின்ரை. கன வரியமா அந்தக் கொள்கைக்கு ஒரு குறையும் வரேல்லை.

அந்த வரியந்தான் வந்தது. பயணத்தடை எண்டு போட்டாங்கள். வழமையா வெங்காயம் கிண்ட லான்ட்மாஸ்டர் உழவு மிசினிலை ஏறி வாற பெண்டுகளுக்கு வர வழியில்லை. லொறியும் இல்லை. மற்றத் தோட்டத்துச் சுதாகரன் ஒரு தறை பீற்றூட்டை வாங்க ஆளில்லாமல் மாட்டுக்கு வெட்டிப் போட்டவன். அடுத்த நாள் மாடு சிவப்பா ஒண்டுக்குப் போகுது. இவன் குளறிக்கொண்டு மிருக வைத்தியருக்குப் போன் எடுக்க, அவர் முதல் கேட்ட கேள்வி, தம்பி மாடு மாஸ்க் போட்டதோ எண்டு. பகிடிக்குத்தான். இவன் போய் மாட்டின்ரை வாயைப் பாத்திட்டு வந்து, இல்லை டொக்டர் எண்டிருக்கிறான்.

என்ன சொல்ல வந்தனான்? ஓம், வெங்காயம். தாள் எல்லாம் வாடிச் சாய்ஞ்சு போச்சு, கிண்டுற பருவம். வானம் வேறை மூடிக்கொண்டு நிக்குது. மழை ஒருக்கால் அடிச்சுப் பெய்தால் முழுக்க மண்ணுக்குள்ளையே அழுகிப் போம். கனடாவிலை இருக்கிற மகன் லோஜனுக்கும் அப்ப வேலை இல்லை, வீட்டுக்குள்ளை இருக்க வைச்சிட்டாங்கள். மாதாமாதம் வாறது வராது. அந்த வரியம் அந்த வீட்டுக்கு அந்த வெங்காயந்தான் சோறு. பத்மாசினி தலைகீழா நிண்டு யோசிச்சிட்டு, பின்னேரம் மனிசனிட்டைச் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, ஆக்கள் ஒருத்தரும் வரமாட்டினம். நாளைக்கு விடிய நீங்களும் நானும் இறங்குவம்."

பரமலிங்கத்துக்குக் குடிச்ச தேத்தண்ணி பாதியிலை நிண்டிட்டுது. 'நானும்' எண்டது அவன் எதிர்பாத்ததுதான். அதுக்கு முன்னுக்கு 'நீங்களும்' எண்டு வந்ததுதான் அவனுக்கு நாரியிலை பிடிச்சிட்டுதாம். பேந்து அவனே எனக்குச் சொன்னவன்.

விடிய எழும்பி, பனடோல் வாங்கியாறன் எண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்தவன் படலைக்கு வெளியிலையே நிண்டிட்டான். நான் வேலியடியிலை கீரை பிடுங்கிக்கொண்டு நிக்கிறன், எல்லாம் கேக்குது.

"பத்மா, கிட்ட வராதை."

"என்ன, நாய் கடிச்சதோ?"

"சங்கக்கடைப் பிரகாசுக்குப் பொசிட்டிவாம். முந்தநாள் நான் அவனோடை அரைமணித்தியாலம் நிண்டு கதைச்சனான். மாஸ்க் நாடியிலை."

பத்மாசினி அவனைக் கீழையிருந்து மேலை ஒருக்கால் பாத்தாள். உடனை தலையிலை கை வைச்சாள். சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. ஐயாவுக்கு அறிவிப்பமோ எண்டு கேக்க, இவன் ஐயோ வேண்டாம் எண்டான். வந்து படலையிலை நோட்டீஸ் ஒட்டுவாங்கள், குடும்ப மானம் போயிடும், நான் வீட்டுக்குப் பின்னாலை கோடிக்குள்ளை இருக்கிற சாமான் அறையிலை என்ரை பாட்டிலை பதினாலு நாள் இருக்கிறன், நீ ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு நல்ல ஒழுங்கா ஒப்பிச்சான். சைக்கிள் ஓடி ஓடிப் பாடமாக்கியிருப்பான் போலை.

"நீங்கள் சொன்னால் சரிதான்," எண்டாள் அவள். "வெங்காயத்தைப் பற்றி ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. சுகந்தான் முக்கியம்."

அந்த ஒரு சொல்லுக்குப் பரமலிங்கத்துக்கு அப்பிடி ஒரு சந்தோசப் புழுகம். பாயும் றேடியோவும் போனும் துவாயுமா அறைக்குள்ளை போனான். கலியாணத்துக்குப் போற மாப்பிளை கூட இவ்வளவு சாமானோடை போகமாட்டான். கலியாணம் எண்டால்தான் ஞாபகம் வருது, சின்னாச்சியின்ரை பேத்தி தனுசியாவின்ரை கலியாணமும் அந்த நேரந்தான். ஆக்கள் கூடேலாது எண்டு வீட்டுக்குள்ளையே வைச்சவை. கனடாவிலை இருக்கிற பெரிய மாமி போனிலை பாத்துக்கொண்டு இருந்தவ. சரியாத் தாலி கட்டுற நேரம், போன் பிடிச்சவர் பூப் போடுறன் எண்டு கையை உயர்த்தினார், மாமிக்குக் கூரையிலை கிடந்த பல்லிதான் தெரிஞ்சது. இண்டைக்கும் அந்த மனிசி, நான் தாலி கட்டினதைக் காணேல்லை, உவையள் சும்மா இருக்கினமோ ஆருக்குத் தெரியும் எண்டு சொல்லிக்கொண்டு திரியுது. பிள்ளை பிறந்து இப்ப நடக்குது.

சரி, பரமலிங்கத்துக்கு வாறன். முதல் ரெண்டு நாளும் ராச வாழ்க்கை. படுக்கிறது, எழும்புறது, றேடியோ கேக்கிறது. சாப்பாடுதான் கொஞ்சம் பிழைச்சது. தொற்றுக்காரருக்கு உறைப்பு ஆகாது, எண்ணெய் ஆகாது, மீன் ஆகாது எண்டு சொல்லி மனிசி யன்னல் கட்டிலை வைச்சிட்டுப் போறது கஞ்சியும் மல்லித்தண்ணியுந்தான். பின்னேரத்திலை ஒரு சட்டி நிறைய வேப்பிலை அவிச்சுக் கொண்டந்து ஆவி பிடிக்க வைப்பாள். போர்வைக்குள்ளை அவன் வேர்த்து ஒழுக, வெளியிலை நிண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் எண்டு சொல்லுவாள். தோட்டத்திலை நிண்டிருந்தாலும் அவனுக்கு அவ்வளவு வேர்த்திருக்காது.

மூண்டாம் நாள் யன்னலாலை எட்டிப் பாக்கிறான், தோட்டம் முழுக்கச் சனம். சுதாகரன் நிக்கிறான், உதயகலாவும் மகளும் நிக்கினம், றெஜி நிக்கிறான், சின்னாச்சி இந்த வயசிலை குந்தியிருந்து வெங்காயம் பிடுங்குது. நானும் நிண்டனான். எல்லாரும் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, ஆளாளுக்கு ஒரு வரம்பு விட்டுத் தள்ளித் தள்ளி. ஒழுங்கையே இறங்கிக் கிண்டுது.

பரமலிங்கத்துக்கு நெஞ்சு விம்மிப் போச்சு. தனக்குச் சுகமில்லை எண்டு கேள்விப்பட்டு ஊர் திரண்டு வந்திட்டுது எண்டு நினைச்சிட்டான். மனிசி வாய் காக்கமாட்டாள் எண்டு ஒரு பக்கம் கோவம், தன்னிலை ஊருக்கு இவ்வளவு பட்சமோ எண்டு மற்றப் பக்கம் பெருமை. சங்கக்கடையிலை சீனி நிறுக்கேக்கை இவையளுக்குக் கொஞ்சம் தாராளமா நிறுத்திருக்கலாமே எண்டு கவலைப்பட்டவனாம். யன்னல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு குரலைத் தளதளக்கப் பண்ணிக் கூப்பிட்டான்.

"சுதாகரன், உங்கடை உபகாரத்தை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்."

சுதாகரன் நிமிந்து பாத்தான். "ஓமண்ணை. மறக்க விடமாட்டம்."

உதயகலா சிரிப்பை அடக்கேலாமல் வெங்காயத் தாளுக்குள்ளை தலையைக் குனிஞ்சிட்டாள். அவள் அழுகிறாள் எண்டு நினைச்சுப் பரமலிங்கமும் கண்ணைத் துடைச்சான்.

மத்தியானம் வேலை செய்தவைக்கெண்டு பத்மாசினி மாமரத்துக்குக் கீழை பெரிய பானையிலை கூழ் வைச்சாள். ஒடியல் மாக் கூழ். நண்டு, றால், மீன்தலை, பயத்தங்காய், பலாக்கொட்டை. அவள் கூழ் வைச்சால் அடுத்த ஊர் உடுவிலிலை இருக்கிறவனுக்கும் பசிக்கும். காத்து வேறை நேராச் சாமான் அறைப் பக்கம் அடிக்குது. மூண்டு நாளாக் கஞ்சி குடிச்ச மனிசன், மூக்கு யன்னலுக்கு வெளியிலை வந்து நிக்குது. பத்மாசினி மாஸ்க்கைச் சரி பண்ணிக்கொண்டு தள்ளி நிண்டு கேட்டாள்.

"இஞ்சருங்கோ, கூழ் மணக்குதோ?"

பரமலிங்கம் வாயைத் திறந்தவன் அப்பிடியே நிண்டிட்டான். மணக்குது எண்டால் ஆள் சுகம். ஆள் சுகம் எண்டால் தோட்டத்திலை இன்னும் பாதி கிண்டாமல் கிடக்குது. பானையைப் பாக்கிறான், தோட்டத்தைப் பாக்கிறான். நண்டுக் கால் ஒண்டு பானை விளிம்பிலை தொங்கிக்கொண்டு வா வா எண்டுது.

"ஒண்டும் மணக்கேல்லை," எண்டான்.

"ஐயோ பாவம். மணம் தெரியாட்டில் ருசியும் தெரியாதாம், டிவியிலை சொன்னவை. பிறகேன் உங்களுக்கு நண்டை வீணாக்குவான்." கஞ்சிக் கோப்பையை வைச்சிட்டுப் போட்டாள்.

கொஞ்ச நேரத்தாலை அறைக்குள்ளை இருந்து ஒரு குரல். "பத்மா, இப்ப கொஞ்சம் மணக்கிற மாதிரிக் கிடக்கு."

"அது பழைய ஞாபகத்திலை மணக்கிறது. பயப்பிடாமல் படுங்கோ."

நாங்கள் மரத்துக்குக் கீழை இருந்து பிலாவிலையிலை கூழைக் குடிச்சம். பாவமாத்தான் இருந்தது. ரெண்டாந்தரம் வாங்கிக் குடிக்கேக்கை அவ்வளவு பாவமா இருக்கேல்லை.

அடுத்த நாளோடை கிண்டி முடிஞ்சுது. பிடி பிடியாக் கட்டிக் கொட்டிலுக்குள்ளை தூக்கிப் போட்டு, கடைசிக் கடகத்தை உள்ளுக்கை வைக்க மழை கொட்டுது. ஒரு காய் நனையேல்லை. அண்டைக்குத்தான் பத்மாசினியின்ரை முகத்திலை சிரிப்பைக் கண்டனான்.

பரமலிங்கம் மிச்ச நாளையும் படுத்தே முடிச்சான். பதினாலாம் நாள் முழுகி, மினுக்கின சாறம் கட்டி, திருநீறு பூசிக்கொண்டு வெளியிலை வந்து முத்தத்திலை கதிரையைப் போட்டு இருந்தான். தோட்டம் வெறும் தறையாக் கிடக்கிறதைப் பாத்து அவனுக்கு அப்பிடி ஒரு திருப்தி. இனி ஒரு கூழ் காய்ச்சன் எண்டு மனிசிக்குச் சொல்லவும் படலை திறக்கவும் சரி. சுதாகரன் கடகமும் கையுமா நிக்கிறான்.

"அண்ணை, வெளிக்கிடுங்கோ. இண்டைக்கு என்ரை தோட்டம். நாளைக்கு றெஜியின்ரை."

"என்ன உன்ரை தோட்டம்?"

"அக்கா சொல்லேல்லையோ? ஒருத்தருக்கும் கூலிக்கு ஆளில்லை. நாங்கள் எல்லாரும் முதல் உங்களுக்குக் கிண்டித் தாறது, உங்கடை தனிமை முடிய நீங்கள் ஒவ்வொரு வீட்டுக்கா வந்து கிண்டித் தாறது. அப்பிடிச் சொல்லித்தானே எங்களைக் கூப்பிட்டவ. எங்கடையெல்லாம் பிந்தி நட்ட வெங்காயம், இப்பதான் கிண்டுற பருவம்."

பரமலிங்கம் நாரியைப் பிடிச்சான். மற்றக் கையாலை நெஞ்சைப் பிடிச்சான். இருமினான், அதுவும் தொண்டையிலை இருந்து வரேல்லை, சங்கக்கடையிலை இருந்து வந்த மாதிரி வறண்டு கிடந்தது. இந்தத் தொற்று உடம்பை விட்டுப் போக மாதக்கணக்கா எடுக்குமாம், பாவம் பிரகாஸ் இப்ப எப்பிடிக் கிடக்கிறானோ எண்டு இழுத்தான்.

பத்மாசினி குசினி வாசல்லை நிண்டு தேங்காய் துருவினவள் நிமிரவே இல்லை.

"பிரகாசுக்கு ஒண்டும் இல்லை. நீங்கள் அறைக்குள்ளை போன உடனையே சுகம் கேக்கப் போன் எடுத்தனான். ஆள் கூரையிலை ஏறி நிண்டு ஓடு மாத்துது."

சுதாகரன் மெள்ள மாமரத்தைப் பாத்தான். பரமலிங்கம் மனிசியின்ரை பக்கம் திரும்பினான்.

"அப்ப உனக்கு முதல் நாளே தெரியும்?"

"ஓம்."

"இவையளுக்கும்?"

"சொல்லாட்டில் தொற்று வீட்டுத் தோட்டத்துக்கை ஆர் காலை வைப்பினம்?"

"அப்ப என்னட்டை ஏனடி அண்டைக்கே சொல்லேல்லை? நான் வந்து கிண்டியிருப்பனே."

"வந்திருப்பியள். ரெண்டு பேராக் கிண்டி முடிக்க முன்னம் மழையும் வந்திருக்கும். இப்ப உங்கள் ஒருத்தரைக் காட்டி முழு ஒழுங்கையையும் இறக்கினன்." அப்பதான் நிமிந்து பாத்தாள். "நல்லா ஆறியிருக்கிறியள் தானே. போட்டு வாங்கோ."

அதுக்குப் பிறகு கூலிக்கு ஆக்கள் வரத் தொடங்கியும் எங்கடை ஒழுங்கையிலை அந்த ஏற்பாடு நிக்கேல்லை. எல்லாருக்கும் அது பிடிச்சுப் போச்சு, ஒருத்தனைத் தவிர. பெற்றோலுக்கு வரிசையிலை நிண்ட காலத்திலை, நான் வரிசைக்குப் போறன் எண்டு சொல்லி ஒருக்கால் தப்பப் பாத்தவன். தோட்டத்துக்கு நடந்துதானே போறது எண்டு பத்மாசினி மோட்டச்சைக்கிள் திறப்பை வாங்கி வைச்சிட்டாள். ஒவ்வொரு போகமும் முதல் கிண்டுறது அவளின்ரை தோட்டம், ஆனபடியால் ஒவ்வொரு போகமும் இவன் எங்கள் எல்லாருக்கும் கடமைப்பட்டு நிப்பான். கதிரை மனிசன் இப்ப கூலிக்கு வாறவையை விட வேகமாக் கிண்டுறான், அதையும் சொல்லத்தான் வேணும்.

இன்னும் சிரிக்கிறாய், நம்பேல்லை என்ன? இண்டைக்கு ஆற்றை முறையெண்டு நினைக்கிறாய்? எழும்பி யன்னலாலை எங்கடை தோட்டத்தைப் பார்.

தம்பி பரமலிங்கம், வானம் இருட்டிக்கொண்டு வருது, உந்தக் கடகத்து வெங்காயத்தைக் கெதியா உள்ளுக்கை கொண்டு வா ராசா.