மழை பெய்யும் அறை

மழைச் சத்தமே போடவில்லை. ஆனாலும் நாற்காலியில் இருந்தவர் தூங்கிவிட்டார்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்ற ஆராய்ச்சி மாணவி குறிப்பேட்டில் இன்னொரு பெருக்கல் குறி போட்டாள். மழைச் சத்தம் கேட்டால் மனிதருக்குச் சீக்கிரம் தூக்கம் வரும் என்று நிரூபிப்பதுதான் அவளுடைய ஆய்வு. அதனால் பாதிப் பேருக்குக் காதில் மழை, மீதிப் பேருக்கு நிசப்தம். நிசப்தக்காரர்கள் விழித்திருந்தால்தான் மழைக்குப் பெருமை. இவர்களோ உட்கார்ந்த மாத்திரத்தில் குறட்டை விட்டார்கள்.

"நாற்காலிதாம்மா காரணம்" என்றார் பேராசிரியர். "அதுல சாய்ஞ்சா எனக்கே கண்ணு சொக்குது. மர நாற்காலி போடு."

போட்டாள். மறுநாள் வந்தவர்கள் சுவரில் தலை சாய்த்துத் தூங்கினார்கள். ஒருவர் கைப்பையைக் கன்னத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டார்.

"அப்போ உனக்காகத் தூங்குறாங்க. தூக்க ஆராய்ச்சின்னு தெரிஞ்சதும், பாவம் இந்தப் பொண்ணு, தூங்கித் தொலைப்போம்னு நினைக்கிறாங்க. வேற ஏதாவது சொல்லி வை."

"இது கவனத்தைப் பத்தின ஆய்வு. சுவர்ல இருக்கிற புள்ளியையே பாருங்க" என்று சொல்லி வைத்தாள்.

"எந்தப் புள்ளிம்மா?" என்று கேட்ட பெரியவர், அவள் கையை நீட்டுவதற்குள் தூங்கிப்போனார்.

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவளையே பார்த்தார். "நீ என்ன எதிர்பார்க்கிறேன்னு உன் முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு. அவங்ககிட்ட பேசாதே, விசாரிக்காதே, முகத்தைக் காட்டாதே. ஆளுங்களும் பத்தாது. வந்தவங்ககிட்டயே தெரிஞ்சவங்களை அனுப்பச் சொல்லு."

அவள் நீலத் திரை ஒன்றைத் தொங்கவிட்டு அதன் பின்னால் மறைந்துகொண்டாள். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று தாழ்வாரம் நிறைய ஆள் வந்து, வரிசையில் நின்றபடியே கண் அசந்தார்கள். முற்பகல் வெயில் திரையில் பட்டு அறையே தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருந்தது. உள்ளே மூச்சுகள் அலைபோல் ஏறி இறங்கின. கட்டடம் மெல்லக் கட்டவிழ்ந்து எங்கோ மிதந்து போவதாகவும், தான் ஒருத்தி மட்டும் விழித்திருந்து துடுப்புப் போடுவதாகவும் அவளுக்குத் தோன்றியது. செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் நடந்தாள்.

விழித்தவர்களும் இருந்தார்கள். அதுதான் தலையில் இடி. எல்லோரும் மழை கேட்டவர்கள்!

"உன் மழை தூக்கத்தைக் கெடுக்குதும்மா. இதையே முடிவா எழுதிடலாமா?"

"மூணு வருஷ உழைப்பு சார்..." என்றாள்.

அன்று அவள் பேசாவிரதத்தை உடைத்தாள். திரையை விலக்கினாள். காதில் மழையோடு மலங்க மலங்க விழித்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தியின் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"அக்கா, உங்களைத்தான் நம்பியிருக்கேன். மழைச் சத்தம் கேட்டதும் மனசுல என்ன தோணுச்சு?"

"கொடியில துணி காயுதேன்னு தோணுச்சு. பக்குனு முழிச்சுட்டேன்."

மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த அம்மாள் ஆதரவாக அவள் தோளைத் தட்டினாள்.

"நாளையிலேருந்து அந்த மழையை மட்டும் நிறுத்திடு கண்ணு. ராத்திரி பூரா மில்லுல நின்னுட்டு, பகல்ல வீட்டுல பிள்ளைங்க போடுற சத்தத்துல தூங்க முடியாமத்தானே எங்க ஷிப்டு மொத்தமும் இங்க வருது!"