தேசிய வரிசையில் என் மாமனார்

உலகத்தில் எத்தனையோ தலைநகரங்கள் உண்டு. கோபுரத்தைக் காட்டிப் பெயர் வாங்குகிறார்கள், கோட்டையைக் காட்டிப் பெருமை அடிக்கிறார்கள். காட்டுவதற்கு எதுவுமே இல்லாமல், வெறும் குடிமக்களை மட்டும் காட்டி உலகை வாய்பிளக்க வைத்த தலைநகரம் எங்களுடையது ஒன்றுதான். அந்தச் சாதனையில் அடியேனுக்கும் பங்கு உண்டு. நான் சுற்றுலாத் துறையில் உதவி வழிகாட்டி.

எங்கள் ஊரிலும் பார்க்க வேண்டிய இடங்கள் இல்லாமல் இல்லை. அரண்மனையைப் பார்க்கலாம், வெளியிலிருந்து. உள்ளே அமைச்சரின் சம்பந்தி குடியிருக்கிறார். அருங்காட்சியகத்தில் கரையானுக்கு மருந்து அடிக்கிறார்கள். மருந்து தீர்ந்துவிட்டது; கரையான் தீரவில்லை. மணிக்கூண்டின் லிஃப்ட் மேலே போகும். இறங்குவது பற்றித் துறை இன்னும் முடிவெடுக்கவில்லை.

இப்படி ஊரெல்லாம் பூட்டிக்கிடந்த ஒரு நாளில், சுற்றுலா வந்த இளம் ஜோடி ஒன்று குடிநீர் அலுவலகத்தின் முன்னால் நீண்டிருந்த வரிசையில் போய் நின்றுவிட்டது. நான் பதறிக்கொண்டு ஓடினேன்.

"இங்க எதுக்குங்க நிக்கறீங்க?"

"என்ன இருக்குன்னு தெரியலை. ஆனா இவ்வளவு பேர் வெயில்ல நிக்கறாங்கன்னா, உள்ள ஏதோ பிரமாதமா இருக்கணும் இல்லையா?" என்றார் கணவர்.

"ஒருத்தர் முகத்துலகூடக் கோபம் இல்லையே! எப்படிங்க பழக்கினீங்க?" என்று கண் கலங்கினார் மனைவி.

இதை இயக்குநரிடம் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அலுவலக நேரத்தில் அவர் எழுந்ததை அன்றுதான் பார்த்தேன். அடுத்த வாரமே 'தேசிய வரிசை' பிறந்தது. இரு பக்கமும் கயிறு கட்டி, 'பாரம்பரியச் சின்னம். தயவுசெய்து தொடாதீர்கள்' என்று பலகை வைத்தோம்.

ஆலோசனைக் கூட்டத்தில் ஒரே ஒரு ஐயம் எழுந்தது.

"இவங்களுக்கெல்லாம் குழாய் கொடுத்துட்டா வரிசை கரைஞ்சு போயிடுமே? அப்புறம் சின்னத்தை எப்படிப் பாதுகாக்கறது?" என்று இயக்குநர் கவலைப்பட்டார்.

குடிநீர் அதிகாரி புண்பட்டுப் போனார். "என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? எங்க ஆபீஸ் மேல இவ்வளவுதானா நம்பிக்கை?"

மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

இங்கே ஒரு குடும்ப விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த வரிசையில் என் மாமனாரும் நின்றுகொண்டிருந்தார். ஊர்க்கோடியில் புது வீடு கட்டி முடித்துவிட்டார். குழாய் இணைப்புதான் பாக்கி. அது வரும்வரை மாமனாரும் மாமியாரும் என் வீட்டில். என் வீட்டில் குளியலறை ஒன்றே ஒன்று. மாமனார் உள்ளே போனால் துவைப்பார், சவரம் செய்வார், நாட்டு நடப்பை யோசிப்பார். கதவைத் தட்டினால், "வரிசைன்னா வரிசைதான் மாப்ளே!" என்று குரல் வரும். நான் பல நாள் முகம் மட்டும் கழுவிக்கொண்டு அலுவலகம் போய்த் துறையின் மானத்தைக் காத்திருக்கிறேன்.

ஆகவே, ஒரு நாள் காலை என் மனைவி, "ஏங்க, அப்பாவுக்கு முன்னாடி இன்னும் ஒரே ஒருத்தர்தானாம்!" என்றதும் நான் கடைக்கு ஓடினேன். கையோடு சோப்பும் துண்டும் புதிதாக வாங்கிவிட்டேன்.

அன்றுதான் இயக்குநர் வரிசையைப் பார்வையிட வந்தார். சுற்றுலாப் பயணிகள் எடுத்த படங்களைப் புரட்டினார். முகம் சுருங்கியது.

"என்னய்யா இது? எல்லாப் படத்துலயும் முதுகு! நம்ம மக்களோட பொறுமை முகத்துல இல்ல இருக்கு? எல்லாரையும் அப்படியே திருப்பி நிக்க வை."

"சார், மனு வாங்கற ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கே..."

"அதனால என்ன? இந்தப் பக்கம் ஒண்ணு வரைஞ்சுட்டாப் போச்சு."

துறையின் ஓவியர் கைதேர்ந்தவர். மதியத்துக்குள் எதிர்ச் சுவரில் ஒரு ஜன்னல் எழும்பிவிட்டது. கம்பி, கம்பிக்குப் பின்னால் கொட்டாவி விடும் குமாஸ்தா, காலியான நாற்காலிகள். உண்மை ஜன்னலைவிட அதில் உயிர் இருந்தது.

ஒலிபெருக்கி என் கையில் கொடுக்கப்பட்டது. அரசுப் பணி என்று வந்துவிட்டால் மாமனாராவது, மருமகனாவது. கண்ணை மூடிக்கொண்டு, "எல்லாரும் திரும்பி நில்லுங்க!" என்றேன்.

திரும்பினார்கள். ஒரு முணுமுணுப்பு இல்லை. எங்கள் மக்களின் பெருமையே அதுதான். முதலில் நின்றவர் கடைசி ஆனார். மாமனார் கடைசிக்கு முந்தியவர் ஆனார்.

அவர் சாமர்த்தியசாலி. முதுகுக்குப் பின்னால் இருந்த உண்மை ஜன்னலில் தலையை நீட்டினார். "ஐயா, இங்கதானே இருக்கேன், என் குழாயைக் கொடுத்துடுங்களேன்."

"நீங்க வரிசையோட வால்ல இருக்கீங்க பெரியவரே. சட்டப்படி முதல் ஆளுக்குத்தான் கொடுக்க முடியும். அவரைக் கூப்பிடுங்க" என்றார் குமாஸ்தா.

முதல் ஆள் யார் என்று பார்த்தால், அதே இளம் ஜோடி. ஊர் திரும்பும் முன் இன்னொரு முறை நின்றுவிட்டுப் போகலாம் என்று வந்து வாலில் சேர்ந்தவர்கள். அவர்களைச் சகல மரியாதையோடும் அழைத்து வந்தோம்.

"எங்களுக்கு இந்த ஊர்ல வீடே இல்லையே!" என்றார் அந்தப் பெண்.

"ரொம்ப நல்லதும்மா. வீடு இருந்தாத்தான் குழாயை எங்க பதிக்கறதுன்னு எங்களுக்குத் தலைவலி" என்று குமாஸ்தா அந்த இடத்திலேயே இணைப்பு ஆணையை வழங்கினார். நாங்கள் கைதட்டினோம். அலுவலகம் திறந்த நாளிலிருந்து இவ்வளவு விரைவாக ஒரு வேலை முடிந்ததில்லை என்று இயக்குநர் உணர்ச்சிவசப்பட்டார். எனக்கு அங்கேயே பதவி உயர்வும் அறிவித்தார்.

மாமனார் வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பணிக்குப் போனால், வரைந்த ஜன்னலின் முன்னால் முதல் ஆளாக நிற்கிறார்! கையில் சாப்பாட்டு டப்பா, குடை, மனு எல்லாம் தயார். பின்னால் ஊரே நிற்கிறது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. காதோரம் குனிந்து, "மாமா, என்ன இது? அது வெறும் பெயின்ட். உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும் மாப்ளே. இந்த ஊர்ல எல்லா ஜன்னல்லயும் நின்னு பார்த்துட்டேன். 'நாளைக்கு வாங்க'ன்னு பொய் சொல்லாத ஜன்னல் இது ஒண்ணுதான்" என்றார் மாமனார்.