அறுபத்து மூன்றாவது நிமிடம்

"அம்மா, பேரை வெட்டிடலாமா? இப்பச் சொன்னீங்கன்னா மத்தியானத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துடுவேன்," என்று கல் தச்சர் உளியைத் துடைத்தபடி கேட்டார்.

புள்ளியம்மா கையிலிருந்த பழைய தாளை முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தாள். எந்தப் பக்கமும் பேர் இல்லை.

தேசியக் கால்பந்துக் கழகத்தின் ஆவண அறையில் இருபத்தாறு வருடங்களாக வேலை பார்ப்பவள் அவள். எந்த ஆட்டம், எந்தத் தேதி, எத்தனை கோல் என்று எழுப்பிக் கேட்டாலும் புள்ளி பிசகாமல் சொல்வாள். அதனால் புள்ளியம்மா. சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

கழகத்துக்குப் புதுக் கட்டடம் கட்டி முடித்திருந்தார்கள். வாசலில் ஆள் உயரக் கருங்கல். சர்வதேசப் போட்டிகளில் நம் அணியின் வரலாறு முழுவதையும் அதில் செதுக்க வேண்டும். கல் அவ்வளவு பெரிதாக இருந்திருக்க வேண்டியதில்லை. மூன்று தொடர்கள், ஒன்பது ஆட்டங்கள், எட்டுத் தோல்விகள். வாங்கிய கோல் முப்பத்தெட்டு. அடித்தது ஒன்று.

அந்த ஒன்றுதான் ஒரே வெற்றியும். நாற்பத்தொரு வருடங்களுக்கு முன்னால், அந்நிய மண்ணில், கொட்டும் மழையில், கோப்பையைத் தூக்கப் போகிறது என்று உலகமே எதிர்பார்த்த அணியை ஒன்றுக்குச் சுழியம் என்று வென்றோம். தொலைக்காட்சி கேமரா கிடையாது. வானொலியில் அறிவிப்பாளர் "கோல்!" என்று கத்தினார். அதற்கப்புறம் பதினேழு நிமிடம் வெறும் கரகரப்பு. மறுநாள் பத்திரிகைகள் ஒன்பதாம் நம்பர் அடித்தார் என்று எழுதின. நாடும் அப்படியே நம்பிக்கொண்டது.

அன்று புள்ளியம்மாவுக்குப் பதினோரு வயது. வானொலி கரகரக்கத் தொடங்கியதும் அவள் அப்பா செருப்புக்கூடப் போடாமல் தெருவைத் தாண்டி ஓடினார். நாலு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதார். சித்தப்பா வீட்டுக்குள் அவள் மறுபடி காலடி வைத்தது அன்றுதான். அந்தக் கோலை அடித்த மனிதரின் பேர் கல்லில் ஏறுவது அவளுக்கு வெறும் அலுவலக வேலை இல்லை.

இப்போது கையில் இருப்பது நடுவரின் அறிக்கை. 'அறுபத்து மூன்றாவது நிமிடம், ஒரு கோல்.' அடித்தவர் பேருக்கான கட்டம் காலி.

"ஒன்பதாம் நம்பர்னு ஊருக்கே தெரியுமேம்மா," என்றார் கல் தச்சர்.

"தெரியும். ஆதாரம் வேணும். ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடறேன், இருங்க."

அங்கேதான் அவள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

ஒன்பதாம் நம்பர் இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும், துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை மேசைமேல் வைத்தார்.

"பேர் எழுதலையா? இத்தனை நாள் கழிச்சு இதை யாரு கிளப்பினது?"

"யாரும் கிளப்பலைங்கய்யா. நான்தான் பார்த்தேன்."

"மழையில பேனா எழுதியிருக்காது. விடுங்கம்மா, நான்தான் அடிச்சேன்." மளமளவென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கழக விதிப்படி சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும். பந்தை ஒன்பதுக்குத் தள்ளிக் கொடுத்தவர் ஏழாம் நம்பர் என்று பத்திரிகையில் இருந்தது. ஏழாம் நம்பர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தினார். பயிற்சி வண்டியின் பின் இருக்கையில் உட்கார்ந்துதான் அவரோடு பேச முடிந்தது.

"ஒன்பது அடிச்சதை நீங்க பார்த்தீங்கதானே?"

அவர் கற்றுக்கொள்ளும் பெண்ணிடம், "பிரேக்கை மிதிங்க," என்றார். வண்டி குலுங்கி நின்றது. திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அடிச்சது நான்."

"அவர் கையெழுத்தே போட்டுட்டாரேய்யா!"

"எனக்கும் கை இருக்கு. தாளைக் குடுங்க."

புள்ளியம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் பொதுவான ஆள் வேண்டும் என்று கேப்டனைத் தேடிப் போனாள். சலவை நிலையத்தில் ஆவிக்கு நடுவே நின்றிருந்த கேப்டன் அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். நியாயமான மனிதர் என்று பேர் எடுத்தவர். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"ரெண்டு பேர் சொல்றதும் தப்பும்மா. தலையால முட்டினது நான்."

இதற்குள் கழகத்தின் செயலாளர் அவசரப்பட்டு ஒன்பதின் பேரை வெட்டச் சொல்லிவிட்டார். அது பாதி வெட்டியிருந்தபோது ஏழின் கடிதம் வந்தது. கல்பொடியும் பசையும் குழைத்துப் பூசி மூடிவிட்டு ஏழின் பேரைத் தொடங்கினார்கள். அன்று மாலையே கேப்டனின் கடிதமும் வந்தது.

"இன்னும் ஒரு பேர் மாத்தினா உளி அந்தப் பக்கம் வந்துடும்மா," என்றார் கல் தச்சர். "அப்புறம் வரலாறு பின்னாலேர்ந்தும் தெரியும்."

வீட்டில் புள்ளியம்மாவின் கணவர் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"ஒரு கோலுக்கு மூணு பேர் சொந்தம் கொண்டாடறாங்க. முப்பத்தெட்டு வாங்கினோமே, அதுக்கு யாராவது கையெழுத்துப் போட்டாங்களா?"

"சிரிக்காதீங்க."

"எல்லாரையும் ஒண்ணா உட்கார வெச்சுக் கேளேன். நேருக்கு நேர் பொய் சொல்ல மாட்டாங்க."

அதுவும் சரியாகத்தான் பட்டது. அந்த அணியில் உயிரோடிருந்த ஏழு பேரையும் கழகக் கூட்ட அறைக்கு அழைத்தாள். சுவரில் கரும்பலகை. கையில் சாக்குக்கட்டி. கோல் எப்படி விழுந்தது என்று ஒவ்வொருவரும் வரைந்து காட்ட வேண்டும்.

ஒன்பது வலப்பக்கத்திலிருந்து ஒரு கோடு இழுத்தார். ஏழு இடப்பக்கத்திலிருந்து. கேப்டன் நடுவிலிருந்து. ஐந்தாம் நம்பர் எழுந்து, தன் முழங்காலில் பட்டுத்தான் பந்து உள்ளே போனது என்று முழங்காலைத் தட்டிக் காட்டினார். இரண்டும் பத்தும் ஆளுக்கொரு கோடு போட்டார்கள். பலகை சிலந்தி வலை மாதிரி ஆகிவிட்டது. கடைசியாக கோல்கீப்பர் எழுந்தார்.

"நான்தான் அடிச்சேன்."

"ஐயா, நீங்க கோல்கீப்பர். மைதானத்தோட அந்தக் கோடியில நின்னீங்க!"

"நின்னேன். அங்கேருந்துதான் அடிச்சேன்," என்றார் அவர், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

வேடிக்கை என்னவென்றால் ஒருவரும் இன்னொருவரைத் திட்டவில்லை. பொய் என்று கத்தவில்லை. தன் கோட்டைப் போட்டுவிட்டு அவரவர் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஒன்பது ஐந்தின் வயிற்றுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். புள்ளியம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வயசான காலத்தில் இத்தனை பேராசையா? என் அப்பாவை ஓட வைத்தது இவர்களா?

செயலாளர் தன் அறைக்குக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துப் பேசினார்.

"திறப்பு விழாவுக்குப் பதினெட்டு நாள் இருக்கு. கல்லுல என்ன போடறது? 'அடித்தவர்: எல்லாரும்' னா? நீங்க அந்தத் தாளைப் பார்க்காம இருந்திருந்தா நாடு நிம்மதியா இருந்திருக்கும்."

"தப்பான பேரைக் கல்லுல ஏத்த என்னால முடியாது சார்."

"அப்போ சரியான பேரோட வாங்க. இல்லேன்னா வேற வேலை பாத்துக்குங்க."

அன்று முழுக்க அவள் அந்த ஆட்டத்தின் ஒரே புகைப்படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். சேறு, கால்கள், மேலும் சேறு. கோல் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் எதிரணிக் கால்சட்டை ஒன்று. அதில் நாலு என்ற எண். பந்துக்கு அவ்வளவு பக்கத்தில் வேறு யாருமே இல்லை. நம் ஆட்கள் சொல்வதை நம்ப வேண்டாம், பறிகொடுத்தவனைக் கேட்டால் என்ன? பறிகொடுத்தவன் மறக்க மாட்டான்.

அந்த நாட்டுக் கழகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். நாலாம் நம்பர் உயிரோடு இருந்தார். வேறொரு தேசத்தில் குடியேறி, செடி வளர்த்து விற்றுக்கொண்டிருந்தாராம். மொழி தெரிந்த ஒரு பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரிடம் பேசினாள். திறப்பு விழாவுக்கு வந்து, அந்தக் கோலை அடித்தவர் யார் என்று சபையில் சொல்ல வேண்டும் என்றாள். அவர் விழாத் தேதியை இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

"வர்றேன்னு சொல்றார்," என்றாள் அந்தப் பெண்.

செய்தி பரவி ஒரு மணி நேரம் ஆகவில்லை. ஏழு பேரும் ஆவண அறை வாசலில் மூச்சிரைக்க நின்றார்கள். கேப்டனின் சட்டையில் ஒரு கை மட்டும் இஸ்திரி போட்டிருந்தது.

"அம்மா, அவரை ஏம்மா கூப்பிட்டீங்க?" என்றார் ஒன்பது.

"உண்மை தெரியணுமேய்யா."

"ஒன்பதுதான் அடிச்சான். நாங்க எல்லாருமே எழுதிக் குடுத்துடறோம்," என்றார் கேப்டன். "இந்தாங்க, இப்பவே. அவர் வரவேண்டாம்னு மட்டும் சொல்லிடுங்க."

"போன வாரம் தலையால முட்டினதா சொன்னீங்களே?"

"வயசாச்சும்மா. ஞாபகம் பிசகிடுச்சு."

"நான் அடிக்கவே இல்லை," என்றார் கோல்கீப்பர் பணிவாக. "நான் கோல்கீப்பர்."

புள்ளியம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. நேரில் பார்த்த சாட்சி வருகிறார் என்றதும் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயம்! இத்தனை வருடம் கழகத்தின் மரியாதையைத் தின்றுகொண்டு ஆளுக்கொரு கதை சொல்லிவிட்டு, இப்போது கும்பலாகக் கையெழுத்து.

"அவர் வரத்தான் போறார்," என்று கதவைச் சாத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவர்கள் நெடுநேரம் போகாமல் நின்றது அவளுக்குக் காலடிச் சத்தத்தில் தெரிந்தது.

விழா நாளில் நாற்காலிகள் நிரம்பி, மக்கள் சுவர் ஓரமெல்லாம் நின்றார்கள். கல்லைத் துணி போட்டு மூடியிருந்தது. ஒரு வரியை மட்டும் கல் தச்சர் வழவழவென்று தேய்த்து வெறுமையாக வைத்துக்கொண்டு, உளியோடு ஓரத்தில் தயாராக நின்றார். முதல் வரிசையில் ஏழு பேரும் பரீட்சை எழுத வந்தவர்கள் போல விறைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

நாலாம் நம்பர் வந்தார். அறுபது வயது இருக்கும். ஒல்லி உடம்பு, வெயிலில் கறுத்த கை, மண் ஏறிய நகங்கள். பக்கத்தில் மொழிபெயர்க்கும் பெண். அவரைக் கண்டதும் ஏழு பேரும் ஒருசேர எழுந்தார்கள். கேப்டன் மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்பது போல. புள்ளியம்மா அதைக் கவனித்தாள். மிரட்டுகிறார்களா?

செயலாளர் ஒலிபெருக்கியில் கேட்டார். "நாற்பத்தொரு ஆண்டுகளாக இந்த நாடு கொண்டாடும் அந்த ஒரே கோலை அடித்தவர் யார் என்பதை, நேரில் கண்ட நம் மதிப்புக்குரிய விருந்தினர் இப்போது..."

"நான்தான் அடிச்சேன்!" என்று கோல்கீப்பர் கத்தினார்.

சபை கொல்லென்று சிரித்தது.

"இல்லை, நான்!" என்று ஒன்பது முன்னால் வந்தார். "நான்தான்!" என்று ஏழு அவருக்கு முன்னால் போய் நின்றார். ஐந்து முழங்காலைத் தட்டினார். கேப்டன், இரண்டு, பத்து, எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு மேடையை மறித்து நின்றார்கள். செயலாளரின் முகம் கறுத்துப்போயிற்று. மக்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். புள்ளியம்மா கூனிக் குறுகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இருபத்தாறு வருட வேலை இதோடு முடிந்தது என்று தெரிந்துவிட்டது.

சிரிக்காதவர் ஒருவர்தான். நாலாம் நம்பர் அந்த ஏழு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு தன் மொழியில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். சொல்லி முடித்ததும் மேடையிலேயே தலை குனிந்து கும்பிட்டார்.

மொழிபெயர்க்க வேண்டிய பெண் வாயைத் திறந்தாள், மூடினாள். அவரைப் பார்த்தாள். அவர் சொல்லு என்று தலையசைத்தார்.

"அவர் சொல்றது..." என்றாள் அவள். "'அது என் கால்ல பட்டு எங்க கோலுக்குள்ளயே போன சேம்சைடு கோல். அது தெரிஞ்சா எங்க ஊர்ல என்னை உயிரோட விடமாட்டாங்கன்னு அன்னிக்கு நான் சேத்துல உட்கார்ந்து அழுதப்போ, யாரு எப்பக் கேட்டாலும் நான்தான் அடிச்சேன்னு ஆளாளுக்குச் சொல்லுவோம்னு பதினோரு பேரும் எனக்கு வாக்குக் குடுத்தாங்க. இன்னிக்கு வரைக்கும் இவங்க என் உயிரைக் காப்பாத்திக்கிட்டுத்தான் இருக்காங்க.'"