தேர்வுரிமையும் கோழிப்பண்ணையும்

உலகத்திலேயே ஆபத்தான பிராணி எது என்று என்னைக் கேட்டால், ஒரே ஒரு தீர்ப்பை மட்டும் முழுசாகப் படித்து முடித்த மூன்றாம் வருட சட்டக் கல்லூரி மாணவன் என்று சொல்வேன். அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு காலத்தில் அந்தப் பிராணியாக நானே திரிந்திருக்கிறேன்.

மதுரையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். போட்டிச் சட்டம் என்று ஒரு பாடம். பெரிய கம்பெனிகள் சந்தையைத் தங்கள் இடுப்பில் முடிந்து வைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற சட்டம் அது. அதில், போன்களைப் பற்றிய ஓர் உத்தரவைப் படிக்கக் கொடுத்தார்கள். நாம் புதுப் போன் வாங்கும்போதே அதற்குள் ஒரே கம்பெனியின் தேடுகிற செயலி, வழி காட்டுகிற செயலி, படம் பார்க்கிற செயலி எல்லாம் கூட்டமாகக் குடியேறி உட்கார்ந்திருக்கின்றன அல்லவா? வாங்குகிறவனை ஒரு வார்த்தை கேட்காமல் அப்படி உட்கார வைப்பது நியாயமில்லை, எது வேண்டும் என்று அவனே தேர்ந்தெடுக்க வழி விட வேண்டும் என்பதுதான் சாரம். இன்றைக்கும் அந்த உத்தரவின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அத்தனை பெரிய கம்பெனியைக் கூப்பிட்டு நிறுத்தி, "நீ கேட்டியா?" என்று ஓர் அரசு அலுவலகம் கேட்டது சின்ன விஷயமில்லை.

கோளாறு உத்தரவில் இல்லை. அதைப் படித்தவனிடம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை முத்துச்செல்விக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை காரியாபட்டிப் பக்கம். அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர். செல்வி அருப்புக்கோட்டையில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தாள். திருச்சுழிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவாள். புதுப் போனை முதல்முதலாக உயிர்ப்பிக்கும்போது, எந்தத் தேடுபொறி வேண்டும் என்று சில போன்களில் ஒரு பட்டியல் வரும். "மேல இருக்கதத் தட்டிட்டு அடுத்த ஆளப் பாரும்மா" என்பார் கடை முதலாளி. செல்வி தட்ட மாட்டாள். போனைத் திருப்பி வாங்குகிறவர் பக்கம் நீட்டுவாள். "இதுல எது வேணும்னு நீங்க சொல்லுங்க. இது பழகுனது. இது நீங்க என்ன தேடுனீகன்னு ஞாபகம் வச்சுக்கிடாது. பெறகு மாத்திக்கவும் செய்யலாம்" என்று, வெற்றிலை போட்டபடி நிற்கும் விவசாயியிடம் பொறுமையாக விளக்குவாள். உத்தரவு எழுதியவர்கள் கனவு கண்ட காட்சி அது. அதை என் சொந்தத் தங்கையே தினமும் நடத்திக்கொண்டிருந்தாள். நான் கண்டுகொள்ளவில்லை. (பத்தாம் வகுப்பில் கணக்கில் என்னைவிடக் குறைந்த மார்க் எடுத்தவள் என்ற எண்ணம்.)

வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டில் பூ வைப்பதாக ஏற்பாடு. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குவதற்குள் மாப்பிள்ளையின் அம்மா செல்வி தலையில் பூ வைத்துவிட வேண்டும். புதன்கிழமை நான் ஊருக்கு வந்தேன். வந்ததும் விடுதலைப் போராட்டத்தைத் தொடங்கினேன்.

முதலில் அப்பாவின் போன். அவர் அசந்த நேரம் பார்த்து, பழைய செயலிகளை எல்லாம் முடக்கி, அந்தக் கம்பெனியின் கணக்கிலிருந்து வெளியேற்றி, எல்லாவற்றுக்கும் மாற்றாக வேறு வேறு செயலிகளைப் போட்டேன். அடுத்தது சித்தப்பா போன். என் போனில் ஒரு படி மேலே போய், அதை இயக்குகிற ஆதார மென்பொருளையே கழற்றிவிட்டு, ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து செய்த ஒன்றை ஏற்றினேன். செல்வியின் போனுக்கும் கை நீட்டினேன்.

"ஏம் போனத் தொடாத" என்றாள்.

"நீ அடிமையாவே இரு" என்றேன்.

"நான் ஒண்ணொண்ணையும் பாத்துத்தான் வச்சிருக்கேன். பிடிக்காதத எடுத்துட்டேன். பிடிச்சத வச்சிருக்கேன். இதுக்கு எதுக்குண்ணே சண்ட?" என்று சொல்லிவிட்டு வளையல் அடுக்கப் போய்விட்டாள்.

பெண் பார்த்தது கோயிலில் வைத்து என்பதால் மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்கு அதுவரை வந்ததில்லை. வழி சொல்கிற பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கிய ஒரு வரைபடச் செயலி உண்டு. அதில் யார் வேண்டுமானாலும் தங்கள் ஊரைக் குறிக்கலாம். எங்கள் வீட்டை அதில் மதுரை விடுதியில் இருந்தபோதே குறித்து வைத்திருந்தேன். வானத்திலிருந்து எடுத்த படத்தில் வெள்ளையாக ஒரு தகரக் கூரை தெரிந்தது. "ஆகா, நம் வீடு!" என்று நெஞ்சம் விம்மக் குறியை வைத்தேன். அந்தக் குறியை மாப்பிள்ளையின் மாமாவுக்கு அனுப்பி, "இதை மட்டும் பார்த்து வாருங்கள், வேறு எதையும் நம்பாதீர்கள்" என்று ஒரு குறிப்பும் சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வர வேண்டியவர்கள் பத்து மணி நெருங்கியும் வரவில்லை. வாசலில் பந்தல், உள்ளே கேசரி, தெருவில் சொந்தக்காரர்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து யாருடைய அழைப்பையோ கட் பண்ணிக்கொண்டிருந்தார்.

"யாருப்பா?" என்றேன்.

"லோனு வேணுமான்னு கேக்குற பயலுக. பேரே வரல, வெறும் நம்பரு. நல்ல நாளும் அதுவுமா விட மாட்டேங்கிறாய்ங்க. எட்டுத் தடவ கட் பண்ணிட்டேன்" என்றார், எட்டு எதிரிகளை வீழ்த்திய பெருமிதத்தோடு.

பட்டுச்சேலையில் உள்ளிருந்து எட்டிப் பார்த்த செல்வி அந்தப் போனை வாங்கி, தன் போனிலிருந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். முகம் மாறியது.

"அப்பா, இது அவுக மாமா நம்பரு!"

அப்பா சேமித்து வைத்திருந்த பெயர்கள் எல்லாம் அந்தக் கம்பெனியின் கணக்கில் இருந்தன. கணக்கை வெளியேற்றினேனே, அதோடு பெயர்களும் வெளியேறிவிட்டன. சித்தப்பாவின் போனிலும் அதே கதை. என் போன்? அது காலை ஏழு மணியிலிருந்து தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு, கறுப்புத் திரையில் ஒரு வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. "சம்பந்தி போனையா எட்டுத் தடவ கட் பண்ணுனேன்? அய்யய்யோ, என்ன நெனச்சிருப்பாக!" அம்மா அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த நம்பரைத் திருப்பிக் கூப்பிட்டால் இப்போது அவர்கள் எடுக்கவில்லை.

பூ வைக்கும் முன்னால் பெண்ணோடு போனில் பேசக்கூடாது என்பது மாப்பிள்ளை வீட்டு வழக்கம். செல்வி அதைப் பற்றி இரண்டு விநாடிதான் யோசித்தாள். தன் போனை எடுத்து மாப்பிள்ளையை நேரடியாகக் கூப்பிட்டாள்.

"எங்க நிக்கிறீக?"

அந்தப் பக்கம் என்னவோ இரைச்சல். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "கோழிப்பண்ணைல."

நான் விடுதியில் இருந்து நெஞ்சம் விம்மப் பார்த்த அந்த வெள்ளைக் கூரை, ஊருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியுள்ள கோழிப்பண்ணையின் கூரை. முந்தின நாள் மழை வேறு. கரிசல் மண்ணில் வேனின் பின்சக்கரம் பாதி இறங்கிவிட்டதாம்.

"அண்ணே, வண்டில ஏறு" என்றாள். ஓட்டும் இடத்தில் அவள்தான் ஏறி உட்கார்ந்தாள். பட்டுச்சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, சகதியில் ஸ்கூட்டியைக் கோடு பிசகாமல் ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனேன். "பின்னாலயே லோடு ஆட்டோல வாங்க!" என்று வீட்டாருக்கு அவள் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

பண்ணை வாசலில் இருபது பேர், கையில் தட்டுகளோடு, சேறு அப்பிய கால்களோடு நின்றார்கள். உள்ளே ஆயிரக்கணக்கான கோழிகள். மாப்பிள்ளையின் அம்மா முகம் சிவந்திருந்தது.

"பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லைன்னா நேரா சொல்லியிருக்கலாம். எட்டுத் தடவ போனக் கட் பண்ணி, கோழிக்கு நடுவுல நிக்க வச்சு..."

செல்வி வண்டியை நிறுத்தி, நேராக அவர் முன்னால் போய் நின்றாள். "அத்த, எங்க அப்பா மேல தப்பில்ல. போன மாத்துனதும், இங்க வழிகாட்டுனதும் எங்க அண்ணன்தான். ஏன்னு அவுகளே சொல்லட்டும்" என்று என்னை முன்னால் இழுத்து விட்டாள்.

சொன்னேன். கணுக்கால் வரை கரிசலில் புதைந்தபடி, போட்டிச் சட்டத்தையும், சந்தையில் ஆதிக்க நிலையையும், நுகர்வோரின் தேர்வுரிமையையும் ஐந்து நிமிடம் சொன்னேன். "வாங்குறவன ஒரு வார்த்த கேக்காம எல்லாத்தையும் உள்ள வச்சிர்றாங்க அத்த, அதான் அநியாயம்" என்று முடித்தேன்.

அப்போது செல்வி சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏண்ணே, அப்பா போன மாத்துறதுக்கு முன்னாடி நீ அவரக் கேட்டியா?"

மூன்று வருடம் சட்டம் படித்த நான் குனிந்து, சேற்றில் புதைந்த செருப்பைத் தேடத் தொடங்கினேன். இருபது பேரும் என்னையே பார்த்தார்கள். முதலில் மாப்பிள்ளைதான் சிரித்தார். பிறகு அவர் மாமா. கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா, தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் செல்வி மணி பார்த்தாள். "அத்த, பூவு உங்க தட்டுல இருக்கு. நானும் இங்கதான் நிக்கேன். ராகுகாலத்துக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கு. எங்க அப்பா அம்மா வந்துக்கிட்டு இருக்காக. வீட்டுல வச்சுத்தான்னு நெனச்சா நேரம் தப்பிரும். இங்கயே வைக்கிறதா, நேரம் போனாலும் வீட்டுல வைக்கிறதா? நீங்க சொல்லுங்க. எதுன்னாலும் எனக்குச் சம்மதம்."

மாப்பிள்ளையின் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். சேறு தெறித்த பட்டு, கலைந்த முடி, அசையாத கண். "இந்தப் பிள்ளைய எங்க வச்சுக் கேட்டாலும் எனக்கு வேணும்" என்றார்.

பத்து இருபதுக்கு லோடு ஆட்டோவில் அப்பாவும் அம்மாவும் வந்து இறங்கினார்கள். அப்பா கும்பிட்டபடியே வந்தார். பத்து இருபத்தைந்துக்குப் பண்ணை வாசலில் வைத்து என் தங்கை தலையில் பூ ஏறியது. மேளம் இல்லாத குறையைக் கோழிகள் தீர்த்து வைத்தன. பண்ணைக்காரர், விருந்தாளிகள் தேடி வந்துவிட்டார்களே என்று முப்பது முட்டைகள் கொடுத்து மரியாதை செய்தார்.

அன்று சாயங்காலம் செல்வி அப்பாவை உட்கார வைத்து, அவர் போனைத் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெயர்களையும் செய்தி அனுப்புகிற பழைய செயலியையும் அப்பா திரும்பக் கேட்டார். ஆனால் இணையம் பார்க்க நான் போட்ட உலாவியை மட்டும், "இது இருக்கட்டும்த்தா, இதுல விளம்பரம் வரல" என்று வைத்துக்கொண்டார். என் முழுப் புரட்சியில் மிஞ்சியது அது ஒன்று. அதுவும் அவரே தேர்ந்தெடுத்ததால் மிஞ்சியது.

இப்போது நான் அருப்புக்கோட்டை நீதிமன்றத்தில் வழக்கறிஞர். நுகர்வோர் வழக்கு என்றால் என்னைத் தேடி வருகிறார்கள். கட்சிக்காரர் என்ன நினைக்கிறார் என்று கேட்காமல் ஒரு வரியும் எழுதுவதில்லை. செல்வி காரியாபட்டியில் சொந்தமாக ஒரு செல்போன் கடை வைத்திருக்கிறாள். எதிரே இரண்டு பெரிய கடைகள் இருந்தும் கூட்டம் இவளிடம்தான்.

அவள் புகுந்த வீட்டில் என் சொந்தப் பெயர் பலருக்குத் தெரியாது. அங்கே என் பெயர் "கம்பெனி". கேட்காமல் எல்லாவற்றையும் மாற்றி வைத்தவன் என்பதால் மாப்பிள்ளையின் அம்மா வைத்த பெயர். நான் வாசலில் செருப்பைக் கழற்றினாலே, "ஏலே, கம்பெனி வந்திருச்சு, போனையெல்லாம் எடுத்து உள்ள வைங்க!" என்று மாப்பிள்ளை குரல் கொடுப்பார். அவருடைய அம்மா ஒரு கையில் காப்பியும் மறு கையில் டீயுமாக வந்து என் முன்னால் நிற்பார்.

"கம்பெனி, உங்களுக்கு எது வேணும்? நாங்க கேட்டுத்தான் குடுப்போம்."